எழுபத்தொரு வாக்குகள்: தீவுகளின் ஒரே குரலாக முப்பத்தேழு ஆண்டுகள்



மக்களாட்சியைப் பற்றி வகுப்பில் பாடம் நடத்தும்போதெல்லாம் மாணவர் ஒருவராவது தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, எங்கள் தோட்டத்தில் இருப்பதே சில நூறு பேர்தான். நாங்கள் வாக்களித்தால் என்ன, வாக்களிக்காவிட்டால் என்ன?" என்பதே அது. "ஒவ்வொரு வாக்கும் பொன் போன்றது" என்று பொதுவாகச் சொல்லி நகர்ந்துவிடலாம். ஆனால், பிள்ளைகள் அத்தகைய விடையை நம்புவதில்லை. அவர்களுக்குச் சான்று வேண்டும். அப்படிப்பட்ட வேளைகளில் நான் எடுத்துச் சொல்லும் வரலாறு ஒன்றை இங்கே பதிவு செய்கிறேன். இந்தியாவின் இலட்சத்தீவுகளைத் தொடர்ந்து பத்து முறை மக்களவையில் பேராளராக நின்று காத்த பி.எம்.சயீத் என்பாரின் வரலாறு இது.

கடல் நடுவே ஒரு தொகுதி

கேரளக் கரைக்கு மேற்கே, ஏறத்தாழ 200 கிலோமீட்டர் முதல் 440 கிலோமீட்டர் தொலைவு வரை அரபிக்கடலில் சிதறிக் கிடக்கும் பவளத் தீவுகளே இலட்சத்தீவுகள். பெயரில்தான் இலட்சம் உள்ளது. மக்கள் வாழும் தீவுகளோ பத்து மட்டுமே. கவரத்தி, அகத்தி, அமினி, கடமத்து, கில்தான், செத்லத், பித்ரா, ஆந்த்ரோத்து, கல்பேனி, மினிக்காய் என்பன அவை. மொத்த நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூரின் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்ந்தோர் 64 ஆயிரத்துச் சொச்சம் பேர். பித்ராத் தீவில் வாழ்ந்தவர்களோ முந்நூறு பேருக்கும் குறைவு.

தென்னையும் சூரை மீனுமே அம்மக்களின் வாழ்வாதாரம். கொச்சியிலிருந்து கப்பலேறினால் தீவுகளை அடையப் பதினான்கு முதல் பதினெட்டு மணி நேரம் ஆகும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளிக்கும். சிறு படகுகள் கரையை விட்டு நகரா. பெரும்பாலான தீவுகளில் மலையாளத்தின் கிளைமொழியான செசரி பேசப்படுகிறது. தெற்கே தனித்து நிற்கும் மினிக்காயில் மட்டும் மாலத்தீவு மொழியோடு உறவுடைய மகல் மொழி வழங்குகிறது.

இத்தீவுகளுக்கும் தமிழகத்திற்கும் ஓர் ஆட்சித் தொடர்பும் இருந்ததுண்டு. 1956ஆம் ஆண்டில் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்படும்வரை இவை சென்னை மாநிலத்தின் மலபார், தென்கன்னட மாவட்டங்களைச் சேர்ந்தவையாகவே இருந்தன. அவ்வாண்டில்தான் இவை நடுவணரசின் நேரடி ஆட்சிப் பகுதியாயின. அதன் பின்னரும் 1964 வரை நிருவாகத் தலைமையகம் கோழிக்கோட்டில்தான் இருந்தது. தீவுகளை ஆண்டவர்கள் தீவுகளிலேயே இல்லை! 1973ஆம் ஆண்டில்தான் இலட்சத்தீவு என்னும் இன்றைய பெயர் சூட்டப்பட்டது.

இளைஞர் ஒருவர் தில்லி செல்கிறார்

நாடாளுமன்றத்தில் இத்தீவுகளுக்கு ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. ஆனால், தொடக்கத்தில் அவ்விடத்திற்குரியவரை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. குடியரசுத் தலைவரே நியமித்தார். 1957 முதல் 1967 வரை கே.நல்லகோயா தங்ஙள் அவ்வாறு நியமன உறுப்பினராக இருந்தார். தங்களுக்கென ஓர் உறுப்பினரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை 1967ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில்தான் கிட்டியது.

அந்தத் தேர்தலில் எக்கட்சியின் சார்புமின்றித் தனித்து நின்று வென்றவர் ஆந்த்ரோத்துத் தீவைச் சேர்ந்த சயீத். 1941ஆம் ஆண்டில் பிறந்தவர், சட்டம் பயின்றவர். மக்களவையில் உறுப்பினராவதற்கு 25 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது இந்திய அரசமைப்பின் விதி. அந்த வயதைத் தொட்டு அதிக நாள் ஆகாத ஓர் இளைஞரைத் தீவு மக்கள் தங்கள் முதல் தேர்வாக அனுப்பி வைத்தார்கள்.

அன்று தொடங்கிய பயணம் 1967, 1971, 1977, 1980, 1984, 1989, 1991, 1996, 1998, 1999 எனப் பத்துத் தேர்தல்களைக் கடந்தது. இவற்றில் 1971ஆம் ஆண்டில் அவரை எதிர்த்து ஒருவரும் நிற்காமையால் போட்டியின்றியே தேர்ந்தெடுக்கப்பட்டார். நேருவின் மகள் ஆட்சிக்கு வந்து, வீழ்ந்து, மீண்டும் வந்து, மறைந்து, அவர்தம் மகனும் ஆண்டு மறைந்து, கூட்டணி ஆட்சிகள் பல மாறி மாறி வந்தபோதும் இலட்சத்தீவின் இருக்கையில் அமர்ந்திருந்தவர் ஒருவரே.

ஆளுக்கு விழுந்த வாக்கு

இவ்வெற்றிகளைக் கட்சியின் செல்வாக்கு என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. முதல் முறை தனித்து நின்றார். பின்னர்க் காங்கிரசுக் கட்சியின் சார்பில் நின்றார். 1977ஆம் ஆண்டில் நெருக்கடி நிலைக்குப் பிந்தைய சினத்தில் வட இந்தியா முழுவதும் காங்கிரசு மண்ணைக் கவ்வியது. சயீதோ அக்கட்சியின் சார்பிலேயே வென்றார். 1980ஆம் ஆண்டில் இந்திரா காந்தி பெருவெற்றி பெற்று ஆட்சியைப் பிடித்தார். சயீத் அவருடைய அணியில் இல்லை, பிரிந்து நின்ற காங்கிரசு (அர்சு) பிரிவில் இருந்தார். அப்போதும் வென்றார். பின்னர்த் தாய்க்கட்சிக்குத் திரும்பினார். அப்போதும் வென்றார். நாட்டில் காற்று எத்திசையில் வீசினாலும் தீவில் அவர் படகு கரை சேர்ந்தது.

இதற்குக் காரணம் உண்டு. இலட்சத்தீவுக்குச் சட்டமன்றம் கிடையாது, முதலமைச்சரும் கிடையாது. தில்லி நியமிக்கும் நிருவாகியே அனைத்துக்கும் தலைவர். அரசமைப்பின் 240ஆம் பிரிவின்படி அப்பகுதிக்கான ஒழுங்குமுறைகளைக் குடியரசுத் தலைவரின் பெயரால் நடுவணரசே இயற்றலாம். ஊராட்சி மன்றங்கள்கூட 1990களில்தான் முறையாக அமைந்தன. எனவே, நெடுங்காலம் அம்மக்கள் தம் கையால் தேர்ந்தெடுத்த ஒரே ஆள் நாடாளுமன்ற உறுப்பினர்தான். கப்பல் வரவில்லையா? மருத்துவர் இல்லையா? குடிநீர் உப்பாகிவிட்டதா? கேட்பதற்கு வேறு வாயில் இல்லை.

அந்த ஓர் உறுப்பினர் ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் கூடும் அவையில் என்ன செய்ய முடியும்? ஓர் ஆட்சியைக் கவிழ்க்க அவரால் இயலாது. சேர்ந்து குரல் கொடுக்கப் பக்கத்து மாவட்டத்தாரும் இல்லை. அவரிடம் இருக்கக்கூடிய முதல் ஒன்றே ஒன்றுதான். அதுதான் நீண்ட அனுபவம். அமைச்சர்கள் மாறுவர், செயலாளர்கள் மாறுவர். எந்தக் கோப்பு எந்த அறையில் கிடக்கிறது, எந்த வாக்குறுதி எந்த ஆண்டில் கொடுக்கப்பட்டது என்பதை அறிந்த பழைய உறுப்பினர் மட்டும் அங்கேயே இருப்பார். எண்ணிக்கையில் சிறிய மக்களுக்கு அவர்தம் பேராளரின் மூப்பே வலிமை. தீவு மக்கள் இதை நன்கு உணர்ந்திருந்தார்கள் என்றே நான் கருதுகிறேன்.

உயர்வு

மூப்பு பயன் தந்தது. 1979ஆம் ஆண்டில் சரண் சிங் அமைச்சரவையில் சயீத் இணையமைச்சரானார். 1990களில் நரசிம்ம ராவ் அமைச்சரவையில் உள்துறையிலும் பின்னர்த் தகவல் ஒலிபரப்புத் துறையிலும் இணையமைச்சராகப் பணியாற்றினார். 1998ஆம் ஆண்டு திசம்பரில் மக்களவையின் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது ஆட்சியில் இருந்தது வாச்பாய் தலைமையிலான கூட்டணி. துணைத் தலைவர் பதவியை எதிர்க்கட்சிக்கு வழங்குவது மரபு என்பதால் அப்பொறுப்பு இவரை வந்தடைந்தது. 1999ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின் மீண்டும் அதே பதவிக்குத் தேர்வு பெற்றார்.

2002ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அவைத் தலைவர் பாலயோகி உலங்கு வானூர்தி விபத்தில் உயிரிழந்தார். மே மாதத்தில் மனோகர் சோசி புதிய தலைவராகத் தேர்ந்தெடுக்கப்படும்வரை அவையை நடத்தும் பொறுப்பு துணைத் தலைவராகிய சயீதின் தோளில் விழுந்தது. எண்ணிப் பாருங்கள். நூறு கோடி மக்களின் அவையை, ஒரு நகரத்தின் நான்கு தெருக்களில் அடங்கிவிடக்கூடிய மக்கள்தொகையைக் கொண்ட தீவுக்கூட்டத்தின் உறுப்பினர் நடத்தினார்.

கரையில் நிகழ்ந்த மாற்றம்

அவர் தில்லியில் உயர்ந்துகொண்டிருந்த அதே காலத்தில் தீவுகளிலும் ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தது. ஆசிரியர்களாகிய நாம் கூர்ந்து நோக்க வேண்டிய பகுதி இது.

1961ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் இலட்சத்தீவில் எழுத்தறிவு பெற்றோர் நூற்றுக்கு 23 பேர். 1971இல் அது 44 ஆனது. 1981இல் 55, 1991இல் 82, 2001இல் 87. நாற்பது ஆண்டுகளில் ஒரு சமுதாயமே பள்ளிக்குச் சென்று திரும்பியது. 1988ஆம் ஆண்டில் அகத்தியில் வானூர்தி நிலையம் திறக்கப்பட்டது. 2005ஆம் ஆண்டில் சென்னையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்தார் கடல்நீரை நன்னீராக்கும் ஆலையைக் கவரத்தியில் அமைத்தனர். நாளொன்றுக்கு ஓர் இலட்சம் லிட்டர் குடிநீர் தரும் வகையில் அது வடிவமைக்கப்பட்டது.

இவை அனைத்தையும் ஒரு மனிதரின் கணக்கில் எழுதுவது முறையன்று. ஆசிரியர்கள், செவிலியர்கள், மாலுமிகள், நிருவாக அலுவலர்கள் எனப் பலரின் உழைப்பு இதில் உண்டு. ஆனால், தில்லியில் அம்மக்களுக்காகக் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர் ஒருவரே என்பதையும் மறுக்க முடியாது.

இங்கேதான் வரலாறு ஒரு திருப்பம் கொள்கிறது. 1967இல் அவருக்கு வாக்களித்தவர்களின் பேரப்பிள்ளைகள் 2004இல் வாக்குச்சாவடிக்கு வந்தார்கள். அவர்கள் படித்தவர்கள், செய்தித்தாள் வாசிப்பவர்கள், மேற்படிப்புக்காகக் கரைக்குச் சென்று திரும்பியவர்கள். கப்பலே வராத காலத்தை அவர்கள் கண்டதில்லை. பாட்டன் நன்றியோடு வாக்களித்தார். பேரன் கேள்வியோடு வாக்களித்தான்.

எழுபத்தொன்று

2004ஆம் ஆண்டு மே மாதம். இந்தியா முழுவதும் எதிர்பாராத வகையில் காங்கிரசுக் கூட்டணி ஆட்சியைப் பிடித்தது. முப்பத்தேழு ஆண்டுகள் அவையில் இருந்த மூத்த உறுப்பினருக்கு முழுமையான அமைச்சர் பதவி கிட்டும் வேளை கனிந்தது. ஆனால், இலட்சத்தீவில் சயீத் தோற்றுப் போனார். ஐக்கிய சனதா தளத்தின் சார்பில் நின்ற மருத்துவர் பூக்குஞ்ஞி கோயா வென்றார். இருவருமே தலைக்குப் பதினைந்தாயிரத்துச் சொச்சம் வாக்குகள் பெற்றிருந்தனர். வேறுபாடு 71 வாக்குகள்.

பிள்ளைகளுக்கு இக்கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுவேன். பத்துத் தீவுகளுக்கும் பகிர்ந்தால் தீவுக்கு ஏழு பேர். அந்த மருத்துவருக்கு வாக்களித்தோரில் முப்பத்தாறு பேர் மட்டும் மனம் மாறிச் சயீதுக்கு வாக்களித்திருந்தால் முடிவே மாறியிருக்கும். முப்பத்தாறு பேர் என்றால் ஒரு வகுப்பறை! அன்று வாக்களிக்கச் சோம்பி வீட்டிலேயே இருந்துவிட்ட தீவுக்காரர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கச் சொல்வேன். வகுப்பு அமைதியாகிவிடும்.

தோற்றவரைத் தில்லி கைவிடவில்லை. மன்மோகன் சிங் தம் அமைச்சரவையில் அவரை மின்சாரத் துறை அமைச்சராக்கினார். பின்னர் அவர் மாநிலங்களவை உறுப்பினரானார். பத்து முறை மக்கள் தேர்ந்தெடுத்தபோது கிட்டாத முழு அமைச்சர் பதவி, மக்கள் தேர்ந்தெடுக்காதபோது கிட்டியது. 2005ஆம் ஆண்டு திசம்பர் 18ஆம் நாள் தென்கொரியாவின் சியோல் நகரில் அவர் காலமானார். அகவை 64. தீவிலிருந்து புறப்பட்டவர் தீவுக்கு வெகுதொலைவில் கண் மூடினார்.

அதன் பிறகு

2009ஆம் ஆண்டில் அவர்தம் மகன் அம்துல்லா சயீத், தந்தை முதன்முதலில் வென்ற வயதையொட்டிய இளமையிலேயே அத்தொகுதியில் வென்றார். தந்தையின் பெயர் இன்னும் நாற்பதாண்டுகள் காக்கும் என்று எவரேனும் எண்ணியிருந்தால் அது நடக்கவில்லை. 2014இல் தேசியவாதக் காங்கிரசின் முகம்மது பைசலிடம் தோற்றார். 2019இல் மீண்டும் தோற்றார். வேறுபாடு 823 வாக்குகள். 2024இல் 2,647 வாக்குகள் வேறுபாட்டில் மீண்டும் வென்றார். அங்கே இருக்கை இப்போது எவருக்கும் பரம்பரைச் சொத்தன்று; ஒவ்வொரு முறையும் கேட்டுப் பெற வேண்டியது.

ஒரே குரல் என்பதன் ஆபத்தையும் அத்தீவுகள் கண்டுவிட்டன. 2023ஆம் ஆண்டு சனவரியில் ஒரு வழக்கின் தீர்ப்பையொட்டி அன்றைய உறுப்பினர் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். கேரள உயர்நீதிமன்றம் தண்டனைத் தீர்ப்பை நிறுத்தி வைத்த பிறகும், அவருடைய உறுப்பினர் பதவி மீண்டும் அளிக்கப்பட மார்ச்சு மாத இறுதி வரை ஆனது. இரண்டு மாதங்களுக்கும் மேலாக இலட்சத்தீவுக்கு மக்களவையில் ஆளே இல்லை. பெரிய மாநிலத்தில் ஓர் இருக்கை வெறுமையானால் பக்கத்துத் தொகுதியார் பேசுவர். தீவுக்கு யார் பேசுவார்?

நமக்கு என்ன?

"இவ்வளவு சிறிய இடத்திற்கு ஒரு முழு உறுப்பினர் எதற்கு?" என்று கேட்பாரும் உண்டு. 2024ஆம் ஆண்டில் இலட்சத்தீவின் வாக்காளர் ஏறத்தாழ 57 ஆயிரம் பேர். இந்தியாவின் சராசரித் தொகுதியிலோ 17 இலட்சத்திற்கும் மேல். தீவு வாக்காளர் ஒருவரின் வாக்குக்கு ஏறத்தாழ முப்பது மடங்கு எடை. நம் மலேசியாவிலும் இத்தகைய ஏற்றத்தாழ்வு உண்டு. 2018ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் சரவாக்கின் இகான் தொகுதியில் 20 ஆயிரத்திற்கும் குறைவான வாக்காளர். சிலாங்கூரின் பாங்கியில் 1 இலட்சத்து 78 ஆயிரத்திற்கும் மேல். இது நயன்மையா என்று விவாதிக்கலாம், விவாதிக்கத்தான் வேண்டும். ஆனால், கடல் சூழ்ந்த மக்களை அண்டை நிலத்துத் தொகுதி ஒன்றோடு ஒட்டிவிட்டால் அவர்தம் குரல் கரையிலேயே கரைந்துவிடும் என்பதையும் அவ்விவாதத்தில் மறக்கலாகாது.

எண்ணிக்கை சிறிது என்பதனாலேயே தேவை சிறிது ஆகிவிடாது. நம் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் எழுபது மாணவரும் இல்லாதவை பல உண்டு. "இத்தனை பேருக்கு ஒரு பள்ளியா?" என்னும் கேள்வியை அங்குள்ள தலைமையாசிரியர்களும் பெற்றோர்களும் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்கள். அவர்களுக்கும் வேண்டியவர் சயீதைப் போல் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும் ஒருவர்தான். ஆண்டுகள் பல ஆனாலும் கோப்பை மறக்காத ஒருவர்.

ஆனால், பாடம் அத்தோடு முடியவில்லை. விடாமல் பேசியவரும் மக்களின் குரலுக்கு உரிமையாளர் அல்லர்; அக்குரலைச் சுமப்பவர் மட்டுமே. நமக்காக முப்பத்தேழு ஆண்டுகள் பேசியவரிடமும் "இம்முறை வேண்டா" என்று அமைதியாக, ஒரு துண்டுத் தாளாலோ ஒரு பொத்தானாலோ சொல்லும் துணிவைக் கல்வி தர வேண்டும். நன்றி மறப்பது பிழையே. ஆயினும், நன்றியைக் காட்டும் இடம் வேறு. வாக்களிக்கும் இடம் வேறு. 2004இல் தீவு மக்கள் செய்தது சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. அவர்கள் எண்ணிப் பார்த்துச் செய்தார்கள். அதைச் செய்யும் ஆற்றலை அவர்தம் பள்ளிகள் அவர்களுக்குத் தந்திருந்தன. ஓர் ஆசிரியனாக எனக்கு அது போதும்.

அடுத்த முறை உங்கள் பிள்ளை, "என் ஒரு வாக்கால் என்ன ஆகும்?" என்று கேட்டால் உலகப்படத்தை விரியுங்கள். அரபிக்கடலில் புள்ளிகளாய்த் தெரியும் அத்தீவுகளைத் தொட்டுக் காட்டுங்கள். எழுபத்தொன்று என்னும் எண்ணை மட்டும் சொல்லுங்கள். மீதிக் கணக்கைப் பிள்ளையே போட்டுக்கொள்ளும்.